வண்டியூரில் ஓடிய இரண்டாவது சர்வர்

நான் பார்த்த வேலை இப்போது இல்லை. என் பழைய அலுவலகத்தில் இன்னும் பணியில் இருக்கும் இரண்டு பேர் போன மாதம் ஆனையூரில் என் வீட்டுக்கு வந்தபோது அதைச் சொன்னார்கள். மென்பொருளே தன்னை அளந்து, தயாரித்த நிறுவனத்துக்கு இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிவிடுகிறதாம். ஆள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. "ஒரு கம்பெனிக்குள்ள வாரக் கணக்குல உக்காந்து என்னதான்ணே பாப்பீங்க?" என்று அவர்களில் இளையவர் கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஏதோ சுருக்கமாகச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியது அதைவிட அதிகம் என்று அவர்கள் போன பிறகுதான் தோன்றியது.

என் வேலைக்கு உரிமத் தணிக்கை என்று பெயர். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, சில காலம் கம்ப்யூட்டர் பழுது பார்த்து, சென்னையில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து, ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிக்கப் பழகி, தென் மாவட்டங்களின் பொறுப்பாளனாக மதுரைக்கே திரும்பி வந்தேன். என் இளமை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

கடையில் சட்டை வாங்கினால் சட்டை நம்முடையது. பெரிய நிறுவனங்களுக்கான மென்பொருள் அப்படி இல்லை. வாங்குவது அனுமதியை மட்டும்தான். எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அது ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர்கள் விலையைப் படிப்பார்கள், அளவைப் படிக்க மாட்டார்கள். சில வருடங்கள் கழித்து, தயாரித்த நிறுவனம் எங்களை அனுப்பும். அனுமதித்த அளவுக்குள் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. திருடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தெரியாமல் அளவைத் தாண்டியவர்களையே பார்த்தேன்.

அதிலும் எங்களுக்கு அதிக வேலை கொடுத்தது இணைப்பு மென்பொருள். ஒரு நிறுவனத்தில் கணக்குக்கு ஒரு மென்பொருள் இருக்கும், கிடங்குக்கு வேறொன்று, வங்கிக்கு இன்னொன்று. ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது. நடுவில் நின்று ஒன்றிடம் வாங்கி, மற்றதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் இணைப்பு மென்பொருள். திரையில் யார் கண்ணுக்கும் படாது. அது இருப்பதே நின்றுபோனால்தான் தெரியும். அதன் விலை, ஓடுகிற சர்வருக்குள் இருக்கும் கோர்களை வைத்து. கோர் என்றால் சர்வருக்குள் வேலை செய்கிற மூளை என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை கோரில் ஓடுகிறதோ அத்தனைக்கும் காசு.

என் மேலதிகாரி கிருபாகரன் சார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, சத்தமில்லாத பேச்சு. சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியதும், குளித்து உடை மாற்றிவிட்டு நேராக வாடிக்கையாளர் இடத்துக்கு வருவார். அங்கே தண்ணீர் குடிப்பார், டீ குடிக்க மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து ஏதாவதொரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவார். எங்களையும் அப்படியே இருக்கச் சொன்னார். காரணம் கேட்டேன். அவர்கள் நம்மை உபசரித்த பிறகு நாம் எழுதுவது அவர்களுக்குத் துரோகமாகப் படும், அந்தக் கஷ்டத்தை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்றார்.

'தப்பு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. 'வித்தியாசம்' என்பார். அனுமதி இவ்வளவு, பயன்பாடு இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு. அறிக்கையிலும் அப்படித்தான். முதல் நாள் ஒப்பந்தம் முழுவதையும் படிப்போம். அடுத்து அவர்கள் கொடுக்கும் சர்வர் பட்டியலை வாங்கி, சர்வர் அறைக்குள் போய் ஒவ்வொன்றின் முன்னும் நின்று சரிபார்ப்போம். பிறகு மென்பொருள் எங்கெங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்று எங்கள் கருவியை ஓட்டிப் பார்ப்போம். அதில் வருவதையும் அவர்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். கடைசி நாள் எல்லாரையும் உட்கார வைத்து, எழுதியதைக் கிருபாகரன் சார் வாசிப்பார். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இதில் வராதது ஏதாவது இருக்கா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனத்தில் நாங்கள் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அவர்களாகச் சொல்வதை அறிக்கையில் தனியே எழுதுவார். நாங்கள் கண்டுபிடித்த வித்தியாசத்துக்குப் பழைய வருடங்களின் பராமரிப்புக் கட்டணமும் தயாரித்த நிறுவனத்தார் சேர்த்துப் போடுவார்கள். தாங்களாகச் சொன்னதற்குப் பெரும்பாலும் அது விழாது. ஆனால் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. விருதுநகர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டுக் காத்திருந்தபோது, மேலாளர் பொறுக்க மாட்டாமல் எழுந்து ஏசியைக் கூட்டி வைத்தார். பிறகு மறுபடியும் எழுந்து குறைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அங்கே பஞ்சுக் கிடங்கில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த சர்வரை நான் அதற்கு முந்தைய நாளே பார்த்திருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஒரே ஆளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அலங்காநல்லூர்ச் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த தனியார் பால் நிறுவனம் அது. சுற்றிலும் கிராமங்களில் சென்டர் வைத்துப் பால் வாங்கி, மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் விற்றார்கள். உள்ளே நுழைந்ததும் நீராவியும் புளித்த பால் வாடையும் வரும். ஒன்றிரண்டு நாளில் அது பழகிவிடும், வீட்டில் இருப்பவர்கள்தான் சட்டையைத் தள்ளிப் போடச் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவி தமிழரசி. முப்பத்தைந்து வயது இருக்கும். வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்தார்கள். இன்ஜினீயரிங் முடித்துச் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு, அம்மா இறந்த பிறகு அப்பாவுக்காகத் திரும்பி வந்தவர். அவர் சம்பளத்தில் அப்பா மாடு வாங்கி, இதே நிறுவனத்தின் சென்டரில்தான் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அவர் எனக்கு ஒரே மூச்சில் சொன்னதல்ல. சர்வர் அறையில் எங்கள் கருவி ஓடி முடியக் காத்திருந்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

முன்பெல்லாம் சென்டரில் பாலின் கொழுப்பை மிசினில் பார்த்து, சென்டரை நடத்துகிற ஏஜெண்ட் கையால் நோட்டில் எழுதுவார். விலை கொழுப்பைப் பொறுத்தது. மிசின் ஒன்று காட்டும், நோட்டில் ஒன்று விழும். குறைத்து எழுதியதில் மிஞ்சுகிற காசு ஏஜெண்டுக்கு. ஊற்றுகிறவர்களுக்கு அது தெரியும், கேட்டால் மறுநாள் பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்புவார்கள். தமிழரசி வந்த பிறகு மிசினையே நேரடியாகத் தலைமை அலுவலகத்தோடு இணைத்தார். மிசின் காட்டியது அப்படியே விலையாகி, வங்கிக்குப் போய், ஊற்றியவரின் செல்போனில் எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு ரூபாய் என்று செய்தியாக வந்துவிடும். நடுவில் ஒரு கை கிடையாது. அந்த நடுவேலையைச் செய்தது நாங்கள் சரிபார்க்கப் போயிருந்த இணைப்பு மென்பொருள்.

வித்தியாசம் எங்கள் கருவியில் வந்துவிட்டது. அவர்கள் வாங்கியிருந்தது நாலு கோருக்கு. ஓடியதும் நாலு கோரில்தான். ஆனால் பழைய சர்வரை மாற்றி ஒரு பெரிய சர்வரை வாங்கி, அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் இதை ஓட்டியிருந்தார்கள். அப்படிப் பிரித்து ஓட்டினால் தயாரிப்பாளரின் அளவைக் கருவி ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும், இத்தனை கோர்தான் பயன்பட்டது என்று அது பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் பிரித்ததைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மொத்த சர்வருக்கும் காசு. ஒப்பந்தத்தில் இருந்தது. சர்வரை மாற்றியபோது மென்பொருள் புது இடத்துக்கு வந்தது, அளவைக் கருவி வரவில்லை.

அதை நான்தான் தமிழரசியிடம் சொன்னேன். எப்போதிலிருந்து பதிவு இல்லை என்று கேட்டார். காட்டினேன். அது பொங்கல் லீவு என்றார். "எல்லாரும் ஊருக்குப் போயிருந்தாங்க. நானே ஒத்தையில மாத்துனேன்ணே. எனக்குத்தான் விட்டுப்போச்சு." பிறகு தொகையைக் கேட்டார். நான் தொகை சொல்லக் கூடாது, எத்தனை மடங்கு என்று மட்டும் சொன்னேன். அந்தக் காசில் புதிதாக டேங்கர் லாரிகள் வாங்கிவிடலாம் என்பது அவருக்கே தெரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, அடுத்த சர்வரைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மறுநாள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை, சைக்கிளில் கேன் கட்டிப் பால் வாங்கித் தொழிலை வளர்த்த மனிதர். என் ஊர் எது, யார் மகன் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, முறை கண்டுபிடித்து, "அப்ப நீங்க நமக்கு மாப்ளதான்" என்றார். லஞ்சம் என்று ஒன்றும் பேசவில்லை. அந்த மரியாதையை நான் இன்றைக்கும் அவருக்குக் கொடுக்கிறேன்.

"கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு அம்புட்டுக் காசு கேட்டா நான் எங்க போவேன் மாப்ள? அப்பிடி ஒரு தொகை வந்துச்சுன்னா, மிசின எல்லாம் கழட்டிப்புட்டு ஏஜெண்டு கையில பழையபடி நோட்டக் குடுத்துருவேன். அந்தப் பிள்ளையும் வேற வேல பாத்துக்கிற வேண்டியதுதான்."

எழுதுவது கிருபாகரன் சார், நான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் அந்த அறையை விட்டு வந்தபோது எனக்கு மனசு சரியில்லை. ஒரு லீவு நாளில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து வேலை பார்த்ததற்கு, சுற்றுப்பட்டு கிராமங்களில் எத்தனையோ வீடுகள் பழைய நோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் காரணமான வித்தியாசத்தைத் தேடிப் பிடித்தவன் நான். என் வேலையை நான் சரியாகத்தான் செய்தேன். அது மட்டும் அப்போது போதவில்லை.

கடைசி நாள் கூட்டத்துக்கு முதலாளி, தமிழரசி, கணக்குப் பிரிவில் ஒருவர், நாங்கள் இருவர். கிருபாகரன் சார் அறிக்கையை வாசித்தார். பெரிய வித்தியாசத்தை வாசித்தபோதும் குரல் ஏறவில்லை. முடித்துவிட்டு, "இதில் வராதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

வெளியே கேன் கழுவுகிற சத்தம் கேட்டது. முதலாளி தலையை அசைத்து ஒன்றுமில்லை என்றார். கிருபாகரன் சார் கண்ணாடியை எடுக்கவில்லை. நான் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"இருக்கு சார்" என்றார் தமிழரசி. "வண்டியூர் ஆபீஸ்ல இன்னொரு சர்வர் ஓடுது. அதுலயும் இது இருக்கு."

"தமிழு" என்றார் முதலாளி. அதட்டவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில், இதைப் பற்றி இருவரும் முன்பே பேசியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் வண்டியூர் என்ற ஊரே இல்லை.

எதற்காக அங்கே என்று கிருபாகரன் சார் கேட்டார். தமிழரசி சொன்னார். ஒரு மழைக்காலத்தில் இங்கே கரண்டும் லைனும் சேர்ந்து போய், இணைப்பு நின்றுவிட்டது. அது சரியாகிற வரைக்கும் ஏஜெண்டுகள் கையால் எழுதினார்கள். அத்தனை சென்டரிலும் அத்தனை பேர் பாலும் கொழுப்புக் குறைந்ததாக விழுந்தது. அப்போதுதான், இங்கே நின்றால் அங்கே ஓடட்டும் என்று வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த கிளை அலுவலகத்தில் ஒரு சர்வரைத் தயார் செய்து வைத்தார்.

அடுத்து கிருபாகரன் சார் கேட்டது ஒரு முக்கியமான கேள்வி. மாற்றுக்காக வைத்திருக்கும் சர்வர் அணைந்து கிடந்தால் அதற்கு உரிமம் வேண்டாம், ஓடிக்கொண்டிருந்தால் வேண்டும். அதையும் அவரே விளக்கிவிட்டு, "அது அணைந்திருக்கா, ஓடுதா?" என்றார். அணைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் வண்டியூருக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு போனில் அணைத்தும் இருக்கலாம்.

"ஓடிக்கிட்டேதான் இருக்கு சார். அணைச்சு வச்சா, வேணுங்கிறப்ப எந்திரிக்க நேரமாகும். அதுக்குள்ள ஒரு வேளைப் பாலு போயிரும்."

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். கிருபாகரன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறிக்கையின் கடைசியில் 'நிறுவனம் தானாக முன்வந்து தெரிவித்தது' என்று எழுதினார். 'தமிழரசி தெரிவித்தது' என்று எழுதவில்லை.

வண்டி நிறுத்துகிற இடத்தில் தமிழரசியிடம், ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். மாட்டப் போன ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏஜெண்டு கொறச்சு எழுதுறான்னுதான இதக் கட்டுனேன். இப்ப நானே கொறச்சு எழுதிக் குடுத்தா எப்பிடிண்ணே?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிருபாகரன் சார் அன்று சென்னைக்குக் கிளம்பவில்லை. மறுநாளும் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். பெரிய சர்வரைத் துண்டு பிரிக்கிற மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு பதிவு வைத்திருக்கும். எந்தத் துண்டுக்கு எத்தனை கோர் கொடுத்தோம் என்பது அதில் இருக்கும். தயாரிப்பாளரின் ஒப்பந்தம் அதை ஏற்காது, அவர்கள் கருவியின் பதிவை மட்டுமே ஏற்கும். ஆனாலும் அவர் அதை முழுதாகப் பார்த்தார். பொங்கலிலிருந்து அன்றுவரை நாலுக்கு மேல் ஒரு கோர் கூடப் போகவில்லை. அதை அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தார். பரிந்துரை எதுவும் எழுதவில்லை. பார்த்ததை எழுதினார்.

அந்த ஒரு வரிக்காகத் தயாரிப்பாளர் தரப்பில் கோபப்பட்டார்கள். கேட்காததை ஏன் எழுதினீர்கள், எடுத்துவிடுங்கள் என்றார்கள். போனில் அவர் பேசியது எனக்குக் கேட்டது. "நான் பார்த்தேன். பார்க்கலைன்னு எழுதச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். வரியை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தயாரிப்பாளரின் வேலை எதையும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதும் இல்லை. ஓய்வு பெற்றுச் சில வருடங்களில் காலமானார். சென்னைக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் இருந்தவர்களிடம் அந்தப் பால் நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல நினைத்து, அது அதற்கான நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

பேரம் பல மாதம் நடந்தது. தயாரிப்பாளரின் விற்பனையாளர் வந்து, மூன்று வருடச் சந்தாவில் கையெழுத்துப் போட்டால் பழையதை மறந்துவிடுகிறோம் என்றார். முதலாளி மறுத்துவிட்டார். கடைசியில் அந்த ஒரு வரி இருந்ததால் மொத்த சர்வர் கணக்கிலிருந்து இறங்கி வந்தார்கள். வண்டியூருக்குச் சாதாரண விலை, பழைய பாக்கி இல்லை. முதலாளி கட்டினார். கட்டிய அன்றைக்கே, அடுத்த வருடம் இந்த மென்பொருள் இங்கே இருக்கக் கூடாது என்று தமிழரசியிடம் சொல்லிவிட்டாராம்.

உரிமக் கட்டணம் இல்லாத இணைப்பு மென்பொருள்களும் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். தமிழரசி அப்படி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சென்டராக, ஒவ்வொரு இணைப்பாக மாற்றினார். பால் ஒரு வேளையும் நிற்காமல் மாற்ற வேண்டும் என்பதால் அதற்கே வருடம் ஓடிவிட்டது. எல்லாம் மாறி முடிந்த பிறகு, உன் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் எனக்கு போன் செய்து அதைச் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. எங்காவது ஆள் தேவைப்பட்டால் சொல்லச் சொன்னார். நான் கேட்டுப் பார்த்த இரண்டு இடங்களிலும், முதலாளி சொன்னதைக் கேட்காத பெண் என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் நாகமலை புதுக்கோட்டையில் சிறிதாக ஓர் அறை வாடகைக்கு எடுத்து, தன்னோடு படித்த ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு, சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இந்த இணைப்பு வேலையைச் செய்து கொடுக்க ஆரம்பித்தார். முதல் வருடங்கள் மிகவும் கஷ்டம் என்று தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பால் நிறுவனத்தில் இருந்த இலவச மென்பொருளுக்கு உரிமம் வேண்டாம், ஆனால் அதைத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் அனுப்பிவிட்டார்களே. வங்கி தன் முறையை மாற்றியபோது ஓர் இணைப்பு அறுந்தது. அதைச் சரி செய்யப் போனவர் வேறொன்றை அறுத்தார். தற்காலிகமாக ஏஜெண்டுகள் கையால் எழுதட்டும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் அப்படியே நின்றுவிட்டது. ஊற்றுகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் முதலாளியிடமிருந்து போன் வந்தது. தான் கூப்பிட்டால் தமிழரசி போனை எடுப்பதில்லை என்றும், நான் சொன்னால் கேட்பார் என்றும் சொன்னார்.

போனேன். தமிழரசி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. வேலைக்கு வரமாட்டேன், ஒப்பந்தம் போட்டுக்கொண்டு செய்கிறேன், எழுதி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். நானும் கூட வர வேண்டும், சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார்.

அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் தமிழில், இரண்டே பக்கம். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது.

"இதுல கோரு கீருன்னு ஒண்ணும் இல்லையே?"

"இல்லங்க. சென்டருக்கு மாசம் இவ்வளவு. எத்தன சென்டருன்னு உங்களுக்கே தெரியும். நான் எத்தன சர்வர்ல ஓட்டுனாலும் அது என் பாடு."

தலையை ஆட்டிக்கொண்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். திரும்பவும் படித்தார். என்னிடம் நீட்டி, நான் படித்ததுதான் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். கட்டணம் வராமல் போனாலும் இணைப்புகளை நிறுத்த மாட்டோம், வர வேண்டிய தொகையைச் சட்டப்படி வசூலித்துக்கொள்வோம் என்று இருந்தது. என் வேலைக் காலம் முழுவதும் நான் படித்த ஒப்பந்தம் ஒன்றில்கூட அப்படி ஒரு வரி கிடையாது. எல்லாவற்றிலும் இதற்கு நேர் எதிரானதுதான் இருக்கும்.

"நிறுத்த மாட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நாளைக்கு நான் காசு தரலேன்னா உங்க கையில என்ன இருக்கும்?"

"கோர்ட்டுக்குப் போவேன். அலையணும்தான். நிறுத்துனா உங்களுக்கு ஒண்ணும் நிக்காதுங்க. பால் ஊத்துறவங்களுக்குத்தான் நிக்கும்."

முதலாளி என்னிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, அப்பாவை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது என்றார்.

"அப்பா இப்ப நம்ம சென்டர்ல ஊத்தலங்க. கையில எழுத ஆரம்பிச்ச அந்த வாரமே வேற கம்பெனிக்கு மாறிட்டாரு."

முதலாளி பேனாவை எடுத்தார். இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.